ஒரு பிட்டுக்கும் எட்டு பிட்டுக்கும் நடுவே ஏழு வாரம்

ஆகஸ்ட் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, காலை ஆறே முக்கால் மணி. சிங்கப்பூரின் பாண்டான் லூப்பில் இறால் பதனிடும் கிடங்கு ஒன்றிலிருந்து தொலைபேசி வந்தது. இரவுப் பணி மேற்பார்வையாளர் தமிழர். "தம்பி, உங்கள் பெட்டியில் விளக்கு எரிகிறது, எண் ஒன்றும் வரவில்லை" என்றார். அணைத்துப் போட்டுப் பார்த்தீர்களா அண்ணே என்று கேட்டேன். நான்கு முறை போட்டாயிற்றாம். அதற்கு முன் ஜூன் மாதத்தில் ஒரு பெட்டி இதேபோல் படுத்திருந்தது. "ஆயிரத்தில் ஒன்று அப்படித்தான்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வேறு பெட்டியை மாட்டிவிட்டு மறந்திருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பின் வந்த ஏழு நாளில் இன்னும் மூன்று படுத்தன.

இந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். குளிர் அறையின் வெப்பநிலையை நிமிடத்துக்கு ஒரு முறை குறித்து வைக்கும். உள்ளே சிறிய லினக்ஸ் பலகை, தரவைச் சேமிக்க 256 மெகாபைட் நேண்ட் ஃபிளாஷ் சில்லு, தொடக்க மென்பொருளான யூ-பூட்டுக்கென்று தனியாக ஒரு குட்டி ஃபிளாஷ். கிடங்குக்காரர்கள் வாரம் ஒரு முறை யூஎஸ்பி குச்சியில் பதிவை எடுத்துக்கொள்வார்கள். சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் ஒரு தொழிற்கூடக் கட்டடத்தில், இன்னும் மூவரோடு வாடகையைப் பகிர்ந்துகொள்ளும் அறையில், நான் தனியாளாக நடத்தும் தொழில் இது. பலகை வரைவதும் சில்லுகளை இயக்கும் டிரைவர் மென்பொருள் எழுதுவதும் ரசீது போடுவதும் நான்தான். மொத்தம் 84 பெட்டிகள் வெளியே இருந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சோதனையாகப் போட்டவை 24, அந்தப் பிப்ரவரியில் போட்டவை 60. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை, அதுதான் வினை.

முதலில் மின்சாரத்தைச் சந்தேகித்தேன். குளிர் அறைகளில் கம்ப்ரசர் ஓடத் தொடங்கும்போது மின்னழுத்தம் ஒரு கணம் இறங்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் ஃபிளாஷில் உள்ளது கெடும் என்று எல்லோரும் சொல்வார்கள். படுத்த பெட்டிகளும் கம்ப்ரசர் வரிசைக்குப் பக்கத்தில்தான் இருந்தன. கதை அவ்வளவு அழகாகப் பொருந்தியதால் அதைச் சோதிக்கக்கூட இல்லை. ஒன்றுக்கு 14 சிங்கப்பூர் வெள்ளி என்று 84 நல்ல அடாப்டர்கள் வாங்கி, பத்து நாள் தீவு முழுவதும் அலைந்து எல்லாவற்றையும் மாற்றினேன். 1,176 வெள்ளி. மாற்றி முடித்த மூன்றாம் நாள் செனோக்கோவில், புதிய அடாப்டரோடு, இன்னொன்று படுத்தது. கம்ப்ரசர் பக்கம் படுத்ததற்குக் காரணம் மின்சாரம் இல்லை, அங்கே இருந்த சூடு. சிங்கப்பூரில் வெளியே 32 டிகிரி என்றால், கம்ப்ரசர் காற்று படும் சுவரில் மாட்டிய மூடிய பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஃபிளாஷ் செல்லில் அடைத்து வைத்த மின்னூட்டம் சூட்டில் வேகமாகக் கசியும். சரியான தடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு தவறான முடிவுக்குப் போயிருந்தேன்.

படுத்த பெட்டியை அறைக்குக் கொண்டுவந்து சீரியல் கம்பியை மாட்டியபோதுதான் பிழையை நேரில் பார்த்தேன். படிக்கும்போது பிழை, எண் மைனஸ் 74. பிழை திருத்தும் குறியீட்டால் (இசிசி) சரிசெய்ய முடியாத பக்கம் என்று பொருள். பக்கம் என்பது சில்லை ஒரு தடவை படிக்கும் துண்டு, பல பக்கங்கள் சேர்ந்தது ஒரு பிளாக். சொன்னது யூபிஐ. பணம் அனுப்பும் யூபிஐ இல்லை, நேண்டின் பிளாக்குகளை நிர்வகிக்கும் லினக்ஸ் அடுக்குக்கும் ஆங்கிலத்தில் UBI என்று மூன்றெழுத்துப் பெயர். என் அறை இருக்கும் உபிக்கும் ஆங்கிலத்தில் அதே மூன்று எழுத்துதான். அந்த வாரங்களில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இது தெரியாதவர்களுக்காக: நேண்ட் சில்லு பிழையே செய்யாத பொருள் என்று யாரும் விற்பதில்லை. சில பிட்டுகள் புரளும், அதாவது 0 இருந்த இடம் 1 ஆகும், 1 இருந்த இடம் 0 ஆகும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் 2048 பைட் தரவுக்குப் பக்கத்தில் 64 பைட் உபரி இடம் இருக்கும். எழுதும்போது டிரைவர் தரவிலிருந்து ஒரு சரிபார்ப்பைக் கணக்கிட்டு அங்கே வைக்கும், படிக்கும்போது மறுபடி கணக்கிட்டு, புரண்ட பிட் எது என்று கண்டுபிடித்துத் திருப்பி வைக்கும். பழைய முறை 1950-இல் ஹாம்மிங் தந்தது. லினக்ஸில் வழக்கமாக 256 பைட்டுக்கு 3 பைட் சரிபார்ப்பு. ஒரு பிட் புரண்டால் திருத்தும், இரண்டு புரண்டால் "தெரிகிறது, முடியவில்லை" என்று சொல்லும், மூன்று புரண்டால் தவறான பிட்டைத் "திருத்தி"விட்டு எல்லாம் நலம் என்று சொல்லவும் கூடும். அடுத்த முறை பிசிஎச். ஒக்கெங்கெம் 1959-இலும், போஸும் ராய்-சௌத்ரியும் 1960-இலும் தனித்தனியாகக் கண்டுபிடித்தது. முன்பு கல்கத்தாவில் புள்ளியியல் செய்துகொண்டிருந்த ராஜ் சந்திர போஸின் முதலெழுத்துதான் அதில் முதலில் நிற்கிறது. எத்தனை பிட் திருத்த வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், அதற்கேற்ப உபரி இடத்தைச் செலவழிக்க வேண்டும்.

இதெல்லாம் இப்போது நிதானமாகச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது "இசிசி என்று ஒன்று இருக்கிறது, டிரைவர் பார்த்துக்கொள்ளும்" என்பது மட்டும்தான். அந்த நிலையில், நள்ளிரவு இரண்டு மணிக்கு, மன்னிக்க முடியாத ஒன்றைச் செய்தேன். படுத்த இரண்டு பலகைகளில் யூ-பூட்டின் நேண்ட் ஸ்க்ரப் கட்டளையை ஓட்டினேன். தொழிற்சாலையில் குறித்த கெட்ட பிளாக் அடையாளங்களும் அழியும், திரும்பப் பெற நம்பகமான வழி இல்லை என்று அது எச்சரித்துவிட்டுத்தான் கேட்கிறது. ஆம் என்று தட்டினேன். முன்பு மூன்று கெட்ட பிளாக் காட்டிய பலகை இப்போது சுழியம் காட்டியது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து அரை மணி நேரம் தூங்கினேன்! சில்லு குணமாகவில்லை, நோயாளியின் சீட்டைக் கிழித்திருந்தேன், அவ்வளவுதான். கெட்ட பிளாக் எது என்று தொழிற்சாலை தன் சொந்த வெப்பத்திலும் மின்னழுத்தத்திலும் சோதித்துக் குறித்தது, நம் மேசையில் அதைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. எவ்வளவு எரிச்சல் வந்தாலும் ஸ்க்ரப் பக்கம் போகாதீர்கள். போயே ஆகவேண்டும் என்றால் கெட்ட பிளாக் பட்டியலை முதலில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்த இரண்டு பலகைகளும் விற்பனைக்கு லாயக்கில்லாமல் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன.

மேலும் ஒரு பெட்டி படுத்த அன்று மாலை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஓர் அண்ணனைச் சந்தித்தேன். கோயம்புத்தூர்க்காரர், உட்லண்ட்ஸ் பக்கம் நினைவகச் சில்லு ஆலையில் பல ஆண்டுகளாக வேலை பார்ப்பவர். சேமிப்பெல்லாம் கரைகிறது, வாடிக்கையாளர் கடைசித் தவணையைத் தரமாட்டேன் என்கிறார், வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றெல்லாம் கொட்டினேன். அவர் ஆட்டிறைச்சிப் பிரியாணியிலிருந்து தலையைத் தூக்காமல் ஒரு கேள்வி கேட்டார். "படுத்தவை எல்லாம் எந்த லாட்?"

எனக்குத் தெரியவில்லை. அப்போதே கைப்பேசியில் விற்பனைக் கணக்கைத் திறந்து பார்த்தேன். படுத்தவை எல்லாமே பிப்ரவரிப் பெட்டிகள். பழைய 24-இல் ஒன்றுகூடப் படுக்கவில்லை.

"நடுவில் சில்லு மாற்றினாயா?"

"மாற்றினேன் அண்ணே. பழையது வரத்து நின்றுவிட்டது. காலுக்குக் கால் பொருந்தும் மாற்றுச் சில்லு என்று விற்றவர் சொன்னார். அதே கொள்ளளவு, அதே பக்க அளவு, அப்படியே ஓடியது."

"ஓடும். புதுச் சில்லு எல்லாமே ஓடும். டேட்டாஷீட்டில் எத்தனை பிட் திருத்தம் கேட்கிறது என்று பார்த்தாயா?"

பார்க்கவில்லை. சில்லின் அந்த விவரத்தாளை அந்த இரவே பார்த்தேன். பழைய சில்லு 512 பைட்டுக்கு 1 பிட் திருத்தம் போதும் என்றது. புதியது 512 பைட்டுக்கு 4 பிட் கேட்டது. செல்லின் அளவு சிறியதாகச் சிறியதாக ஒவ்வொன்றிலும் நிற்கும் எலக்ட்ரான்கள் குறையும், பிழைத் திருத்தத்தின் தேவை கூடும். அதே விலை, அதே கால்கள், உள்ளே வேறு ஜாதி. பலகையில் என்ன வன்பொருள் இருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்லும் என் டிவைஸ் ட்ரீ கோப்பிலோ, ஐந்து ஆண்டுகளுக்கு முன் வேறு ஒரு வேலைக்கு எழுதி அப்படியே நகலெடுத்த வரிகளில், மென்பொருள் ஹாம்மிங் என்றே இருந்தது.

அதைவிட வலித்தது அடுத்தது. லினக்ஸ் சில்லின் உள்ளேயே இருக்கும் விவரப் பக்கத்தைப் படித்து, அதற்கு எவ்வளவு திருத்தம் தேவை என்று தெரிந்துகொள்கிறது. அமைத்திருப்பது அதைவிடக் குறைவாக இருந்தால், உங்கள் கணினியில் பயன்படுத்தும் திருத்தம் இந்தச் சில்லுக்குத் தேவையானதைவிட மிகவும் பலவீனம் என்று ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் எச்சரிக்கிறது. லினக்ஸ் தன் செய்திகளை எழுதிவைக்கும் டிமெசேஜ் பதிவில் அந்த வரி முதல் நாளிலிருந்தே இருந்தது. திரை சுத்தமாக இருக்க வேண்டும் என்று தொடக்க வரியில் குவைட் என்ற ஒரு சொல்லை நான் சேர்த்திருந்தேன். அது பிழைச் செய்திகளை விட்டுவிட்டு, எச்சரிக்கை மட்டத்துச் செய்திகளைத் திரையில் வராமல் மறைத்துவிடும். பிப்ரவரியிலிருந்து கத்திக்கொண்டிருந்த ஆளின் வாயில் நானே துணியை வைத்திருந்தேன். பதிவில் இன்னொன்றும் இருந்தது: திருத்தக்கூடிய பிட் புரளல் கண்டோம், தரவை வேறு பிளாக்குக்கு நகர்த்தினோம் என்ற யூபிஐ செய்திகள், நூற்றுக்கணக்கில். திருத்தும் திறன் 1 என்றால், ஒரே ஒரு பிட் புரண்டாலும் அது ஆபத்து என்று எண்ணி நகர்த்தத்தான் செய்யும். நீங்கள் அனுப்பும் எந்தக் கருவியிலும் இந்தச் செய்தி அடிக்கடி தெரிந்தால் கைகாலை அசைக்காமல் உட்கார்ந்திருக்காதீர்கள். வேகமாகப் பார்க்க வேண்டுமானால் லினக்ஸின் சிஸ் அடைவில் எம்டிடி (ஃபிளாஷைக் கையாளும் லினக்ஸ் பகுதி) சாதனத்துக்குக் கீழே திருத்தும் திறன், திருத்திய பிட்டுகள், திருத்த முடியாமல் போன தடவைகள் எல்லாம் தனித்தனிக் கோப்பாகவே இருக்கின்றன. ஒரு நிமிட வேலை.

ஆனாலும் ஒரு முறை ஏமாந்தவன் என்பதால் இம்முறை நிரூபணம் கேட்டேன். படுத்த பலகையில் லினக்ஸின் மைய நிரலான கெர்னல் இருந்த பகுதியைத் திருத்தமில்லாமல், உபரிப் பகுதியோடு, நேண்ட்டம்ப் கொண்டு பச்சையாக எடுத்து, நான் எழுதிய மூலப் பிம்பத்தோடு பிட் பிட்டாக ஒப்பிட்டேன். ஒரு 256 பைட் துண்டில் இரண்டு பிட் வேறு. இரண்டுமே 0-ஆக இருக்க வேண்டியவை 1 ஆகியிருந்தன. மற்ற பக்கங்களிலும் தனித்தனிப் புரளல்கள், எல்லாம் அதே திசை. 0 என்பது மின்னூட்டம் அடைத்த செல், 1 என்பது காலி. அடைத்தது கசிந்திருக்கிறது. மின்சாரம் நடுவில் போனதால் கெட்டிருந்தால் இப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்திருக்காது, ஒரு பக்கமே அரைகுறையாகக் கிடந்திருக்கும். அடாப்டர் வாங்கும் முன் இந்த இருபது நிமிட வேலையைச் செய்திருந்தால் 1,176 வெள்ளியும் பத்து நாளும் மிஞ்சியிருக்கும்.

திருத்தம் எளிது என்று நினைத்தேன். கணக்குப் போட்டேன்: பிசிஎச்சில் 512 பைட்டுக்கு ஒவ்வொரு பிட் திருத்தத்துக்கும் 13 பிட் சரிபார்ப்பு தேவை. 4 பிட் என்றால் 52 பிட், 7 பைட், பக்கத்துக்கு 28 பைட். 8 பிட் என்றால் 13 பைட், பக்கத்துக்கு 52 பைட். உபரி இடம் 64. யூபிஐ அதில் எதையும் கேட்பதில்லை, எனவே 52-ஐ எடுத்துக்கொள்ளலாம். சரிபார்ப்பைக் கடைசியிலிருந்து அடுக்கினால் அது 12-ஆம் பைட்டில் தொடங்கும், முதல் இரண்டு பைட்டில் இருக்கும் கெட்ட பிளாக் அடையாளத்தைத் தொடாது. இந்தக் கடைசி வரியைத் தாளில் போட்டுப் பார்க்காமல் யாரும் அடுக்கை மாற்ற வேண்டாம், மேலே சொன்ன ஸ்க்ரப் கதை வேறு வழியில் திரும்ப வரும். சில்லு கேட்பது 4 என்றாலும் 8 வைத்தேன். 4 வைத்தால் 3 பிட் புரண்டதுமே லினக்ஸ் நகர்த்தச் சொல்லும், 8 வைத்தால் 6-இல் சொல்லும். சூட்டில் கிடக்கும் பெட்டிக்கு அந்த மூச்சு வாங்கும் இடம் தேவை. என் செயலியில் பிசிஎச் வன்பொருள் இல்லை, மென்பொருளில்தான் கணக்கு, அதனால் கருவி தொடங்க மூன்று நொடி கூடுதலாக ஆகிறது. குளிர் அறைக்கு மூன்று நொடி ஒரு பொருட்டில்லை.

கெர்னல் அமைப்பில் மென்பொருள் பிசிஎச்சைச் சேர்க்க மறந்ததால் நேண்டே தென்படாமல் போனது அரை நாள். அது சில்லறை. பெரிய அடி யூ-பூட்டில் விழுந்தது. புதிய முறையில் எழுதிவிட்டு மறுபடி தொடங்கினேன், எல்லாப் பக்கமும் பிழை. இந்தச் சில்லும் போயிற்று என்று கையைத் தலையில் வைத்துக்கொண்டேன். சில்லுக்கு ஒன்றுமில்லை. நான் கெர்னலை மட்டும் பிசிஎச்சுக்கு மாற்றியிருந்தேன், கெர்னலைப் படித்து எடுக்க வேண்டிய யூ-பூட் இன்னும் ஹாம்மிங்கில் பேசிக்கொண்டிருந்தது. ஒரே ஃபிளாஷைத் தொடும் எல்லோரும், அதாவது தொடக்க மென்பொருள், கெர்னல், ஆலையில் முதல் முறை எழுதும் கருவி, மூவரும் ஒரே திறன், ஒரே துண்டு அளவு, ஒரே அடுக்கு வைத்திருக்க வேண்டும். ஒருவர் மாறினாலும் மற்றவருக்கு அது குப்பை. உங்கள் செயலியின் உள்ளே பதித்த தொடக்க நிரலே நேண்டைப் படிக்கிறது என்றால் நான்காமவரும் உண்டு, அவரை மாற்ற முடியாது, அவர் சொல்வதற்கு நாம்தான் ஒத்துப்போக வேண்டும். வன்பொருள் பிசிஎச் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு குழி: அழித்த பக்கம் முழுக்க 1. அதில் ஒரு பிட் புரண்டு 0 ஆனாலே சில இயந்திரங்கள் திருத்த முடியாத பிழை என்று அலறும். அழித்த பக்கமா என்று தனியாகச் சரிபார்க்கும் செயற்கூறு கெர்னலில் இருக்கிறது, உங்கள் டிரைவர் அதை அழைக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது சோதனை. "ஓடுகிறது" என்பது எதையும் நிரூபிக்காது என்பதற்கு நான் ஏற்கெனவே பணம் கட்டியாயிற்று. எம்டிடி கருவித் தொகுப்பில் நேண்ட்பிட்எர்ஸ் என்று ஒன்று இருக்கிறது. ஒரு பக்கத்தை எழுதி, அதில் வேண்டுமென்றே ஒவ்வொரு பிட்டாகப் புரட்டிக்கொண்டே போய், எத்தனையாவதில் திருத்தம் கைவிரிக்கிறது என்று காட்டும். அந்தப் பகுதியில் இருப்பது அழியும், எனவே யூபிஐ பயன்படுத்தாத தனிப் பகுதியில் ஓட்டுங்கள். பழைய அமைப்பில் இரண்டாவது பிட்டில் தோற்றது. புதியதில் எட்டு வரை திருத்தி ஒன்பதில் தோற்றது. ஒன்பதில் தோற்றதைப் பார்த்து அவ்வளவு மகிழ்ந்தவன் நானாகத்தான் இருப்பேன். இப்போது ஒவ்வொரு புதிய லாட்டிலும் இரண்டு பலகைகளை எடுத்து இதை ஓட்டாமல் பெட்டிக்குள் வைப்பதில்லை.

பிறகு 60 பெட்டிகளும் ஊர் ஊராகக் காத்திருந்தன. பாண்டான் லூப், செனோக்கோ, சின் பீ, துவாஸ் என்று 14 இடங்கள். முறையை மாற்றினால் பழைய தரவு படிக்கவே வராது, எனவே இரண்டு முறை தொடங்க வேண்டும்: முதலில் பழைய ஹாம்மிங் கெர்னலை யூஎஸ்பி குச்சியிலிருந்து நினைவகத்துக்கு ஏற்றி, வெப்பநிலைப் பதிவுகளைக் குச்சிக்கு எடுத்துக்கொள்வது, பிறகு பிசிஎச் கெர்னலில் தொடங்கி ஃபிளாஷை அழித்துப் புதிதாக எழுதிப் பதிவுகளைத் திருப்பி வைப்பது. பெட்டிக்கு இருபது நிமிடம், அனுமதிச் சீட்டுக்கு நாற்பது. இந்த வரிசையை முதல் இடத்தில் தலைகீழாகச் செய்திருந்தால் வாடிக்கையாளரின் ஆறு மாதப் பதிவு போயிருக்கும், வீட்டில் ஒரு பலகையில் ஒத்திகை பார்த்ததால் தப்பினேன். பன்னிரண்டு நாள் ஆயிற்று. தேக்காவில் தீபாவளி விளக்குகள் போட்டுவிட்டார்கள் என்பதைக் கடைசி நாள் இரவு பஸ்ஸில் வரும்போதுதான் கவனித்தேன்.

கணக்கு இதுதான். அடாப்டர் 1,176, மாற்றிக் கொடுத்த பன்னிரண்டு பலகைகள் 1,320, அலைச்சலுக்கு ஏறத்தாழ 900, வாடிக்கையாளர் நிறுத்திவைத்துப் பிறகு தராமலே விட்ட கடைசித் தவணை 6,000. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பதினோரு மணி நேரப் பதிவு இல்லாததால் அவருடைய இறால் சரக்கில் ஒரு பகுதியை வாங்குபவர் மறுத்துவிட்டார். மொத்தம் 9,400 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு, ஏழு வாரம். வீட்டில் சொன்னபோது மனைவி கேட்டது ஒன்றுதான்: "அந்த அண்ணனிடம் முதல் வாரமே போயிருக்கலாமே?" கேட்க வெட்கமாக இருந்தது என்று சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

பழைய 24 பெட்டிகள் இன்னும் ஹாம்மிங்கிலேயே ஓடுகின்றன, அந்தச் சில்லுக்கு அது போதும், நான் தொடவில்லை. அவற்றின் மேல் மஞ்சள் ஒட்டு, மற்றவற்றின் மேல் பச்சை ஒட்டு. போன வாரம் சில்லு விற்பவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: பச்சைப் பெட்டிகளில் இருக்கும் சில்லும் வரத்து நிற்கிறதாம், காலுக்குக் கால் பொருந்தும் மாற்று தயாராக இருக்கிறதாம். டேட்டாஷீட் அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறேன்.